கடைசியாகத் தொட்டவர்

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை ஒன்பது ஐம்பதுக்கு அவள் சர்வரைத் தொட்டாள். அந்த அலுவலகத்தில் விதிமுறை தெரியாமல் அவள் செய்த காரியம் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விதிமுறைப்படியே நடந்தது. அதனால்தான் அவ்வளவு நாளாயிற்று.

பதிவேடுகள் தலைமை அலுவலகத்தில் அவளுக்குக் கிடைத்தது கணினி அறை உதவியாளர் வேலை. தற்காலிகம். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. அங்கே யாரும் அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. பார்த்தவுடனே "புதுசு" என்று வைத்துவிட்டார்கள். அவள் உள்ளே நுழைந்த நிமிடத்தில், அதுவரை அந்த அறையில் இருந்தவர் தானாகவே "பழசு" ஆகிவிட்டார்.

பழசு மூன்றாம் மாடியில் அந்த அறை வாசலில் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டாரை வரவேற்பதுபோல் நின்றார்.

"வாம்மா, வா. உனக்காகத்தான் ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

"இந்த வேலைக்கு விளம்பரமே போன மாசம்தானே சார் வந்துச்சு?"

"அதைத்தான் நானும் சொல்றேன். வெயில்ல வந்திருப்பே. இப்படி வா. இதைத் தொட்டுப் பாரு, குளுகுளுன்னு இருக்கும்."

ஆள் உயரத்துக்குக் கறுப்பாக ஒரு அலமாரி நின்றது. அதுதான் சர்வர், கட்டடத்துக் கணினிகளெல்லாம் அதை நம்பித்தான் ஓடின. உள்ளே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. பெரியவர் சொல்கிறாரே என்று தொட்டாள். அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் மாதிரி இருந்தது.

"சார், சுடுது!"

"அப்படியா? எனக்கெப்படிம்மா தெரியும்? நான் இதைத் தொட்டு நாலு வருஷம் ஆச்சு."

சொல்லிக்கொண்டே ஒரு தடித்த பதிவேட்டை அவள் முன்னால் விரித்தார். பேனாவின் மூடி ஏற்கெனவே கழற்றியிருந்தது. தேதி, நேரம், தொட்டவர், தொட்ட இடம், கையெழுத்து என்று ஐந்து கட்டங்கள். பென்சிலில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். வருகைப் பதிவேடு என்று நினைத்துக்கொண்டாள். பழசு குனிந்து மை காயும்வரை ஊதினார். பிறகு குடையையும் சாப்பாட்டுப் பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் இறங்கிய வேகத்தைப் பார்த்தவர்கள் அவருக்கு முழங்கால் வலி என்றால் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். அன்று மதியத்திலிருந்து அவருடைய தொலைபேசி அணைந்துபோயிருந்தது.

பதிவேட்டின் உள்ளட்டையில் ஒரு பழைய சுற்றறிக்கை ஒட்டியிருந்ததை அவள் அப்புறம்தான் பார்த்தாள். "இயந்திரத்தைக் கடைசியாகத் தொட்ட பணியாளரே, அடுத்த பணியாளர் தொட்டுக் கையொப்பமிடும்வரை, அதற்கு நேரும் அனைத்துக்கும் பொறுப்பாவார். அதுவரை அவர் எவ்விதத்திலும் விடுவிக்கப்படமாட்டார்." பழசு ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியிருந்தது. விடுவிப்புக் கடிதம் கிடைக்காததால் தினமும் வந்துகொண்டிருந்திருக்கிறார், யாராவது தொடுவார்களா என்று.

அறையின் தரையில், சர்வருக்கு ஆறடி தள்ளி ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. அதிகாரிகள் வந்தால் கோட்டுக்கு இந்தப் பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். சர்வரின் நெற்றியில் ஒரு மருந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காயமாக்கும் என்று எண்ணி மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு விளக்கைப் பார்த்தவர் உடனே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி. விளக்கைப் பார்க்காமல் இருப்பதற்கு விதி எதுவும் தடையில்லை. அதனால் பிளாஸ்திரி.

அவள் பிளாஸ்திரியை மறுபடி ஒட்டவில்லை. எழுத்துமூலம் தெரிவித்தாள். அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது என்று அவளுக்கு ஒரு கடிதம் வந்தது.

தினமும் மதியம் மூன்று மணிக்குச் சர்வர் சூடேறித் தள்ளாடும். கட்டடம் முழுக்கத் திரைகள் உறைந்து நிற்கும். "மூணு மணி மயக்கம்" என்று அதற்குப் பெயர். வரிசையில் நிற்கும் மக்களை உட்காரச் சொல்லிவிட்டு ஊழியர்கள் தேநீர் குடிக்கப் போவார்கள். நான்கு வருடப் பழக்கம். கடைக்காரர் இரண்டே முக்காலுக்கெல்லாம் பாலை அடுப்பில் ஏற்றிவிடுவார்.

மூன்று மாதம் கழித்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. மாலை வகுப்பிலிருந்து விண்ணப்பித்தவர்களில் ஒருவருக்கு மட்டும் வெளியூரில் ஒரு வருட முழுநேரப் பயிற்சி. அந்த ஒருவர் அவள்தான். பெயரைத் தவறாகப் போட்டிருப்பார்களோ என்று கடிதத்தை நாலு தடவை படித்தாள். அடுத்த மாதம் முடிந்து வரும் ஒன்றாம் தேதி, இப்போது வேலை பார்க்கும் இடத்தின் விடுவிப்புக் கடிதத்தோடு வந்து சேர வேண்டும். தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவருக்கு. அவள் நோட்டை எடுத்து எழுதினாள்: மீதம் முப்பத்தைந்து நாள். தேவை ஒரு கடிதம்.

இயக்குநரைப் போய்ப் பார்த்தாள். வழுக்கையும் நிதானமும் கொண்ட மனிதர். எது நீட்டினாலும் பென்சில் குறி இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுவார். குறி இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்.

"ரொம்ப சந்தோஷம்மா. போயிட்டு வா. பொறுப்பை யார்கிட்ட ஒப்படைக்கிறே?"

"நீங்க யாரைச் சொல்றீங்களோ அவங்ககிட்ட சார்."

"நான் எப்படிம்மா சொல்றது? சொன்னா, நான் சொன்ன மாதிரி ஆயிடுமே!"

"அப்போ நான் எப்படி சார் போறது?"

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதோ பாரு. இந்த அலுவலகத்துல எனக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸ். இன்னும் அஞ்சு மாசத்துல ஓய்வு. ஒரு கரும்புள்ளி கிடையாது. எப்படின்னு நினைக்கிறே? என் கூட சேர்ந்தவங்கள்லாம் என்னைவிடப் புத்திசாலிங்க. ஒருத்தன் இதைத் திருத்தறேன்னான், இன்னொருத்தன் அதைச் சரி பண்றேன்னான். எல்லாரும் எங்கேயோ போயிட்டாங்க. நான் எதையும் தொட்டதில்ல. அதனாலதான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். உன்னை மாதிரி சின்னப் பிள்ளைங்க இதைக் கத்துக்கணும்."

அவள் நோட்டில் எழுதிக்கொள்ள நினைத்தாள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அன்று முழுதும் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டாள். கேட்டவுடனே எல்லோருக்கும் கைக்கு வேலை வந்துவிட்டது. ஒரு எழுத்தர் தலையைச் சொறிந்தார். இன்னொருவர் இரண்டு கையையும் மேசைக்கடியில் விட்டுக்கொண்டார். "ஆரஞ்சு விளக்கு எரியற வரைக்கும் எவன்மா தொடுவான்? நாளைக்கு அது மொத்தமா நின்னுட்டா ஊரோட நிலம், தண்ணி, பிறப்பு எல்லாம் போச்சு. கடைசியாத் தொட்டது யாருன்னுதானே தேடுவாங்க?" என்றார் மூன்றாமவர். அவர் மட்டும்தான் உண்மையைச் சொன்னார். அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறவர்.

ஆக, விளக்கு அணைந்தால்தான் ஒருவர் தொடுவார். ஒருவர் தொட்டால்தான் அவளுக்குக் கடிதம். விளக்கு ஏன் எரிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை சிடி உண்டு. இரும்பு அலமாரியில், இயந்திரத்தோடு வந்த உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. சர்வரில் ஓடும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இந்தச் சிடியை வைத்தே அதை எழுப்ப வேண்டும். சிடி தன்னந்தனியாக உள்ளே போய், வைத்தியர் விலா எலும்பைத் தட்டிப் பார்ப்பதுபோல், ஒவ்வொரு உறுப்பாகத் தட்டிப் பார்த்து எது பழுது என்று சொல்லிவிடும். அரைமணி நேர வேலை.

வேறு அலுவலகமாயிருந்தால் அவ்வளவுதான். இங்கே சர்வர் இரும்பில் ஒன்று, காகிதத்தில் மூன்று. பிறப்புப் பிரிவு, நிலப் பிரிவு, தண்ணீர்ப் பிரிவு மூன்றும் ஒரு காலத்தில் எனக்கு உனக்கு என்று அடித்துக்கொண்டதில், அண்ணன் தம்பிகள் வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினதுபோல், அதை மூன்று பாகமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு பாகம் ஓடுவது இன்னொரு பாகத்துக்குத் தெரியாது. ஒன்று தூங்கினாலும் மற்றது கண்டுகொள்ளாது. சிடி போடும் டிரைவ் மட்டும் ஒன்றே ஒன்று. பாகம் பிரித்தபோது அது தண்ணீர்ப் பிரிவுக்குப் போயிருந்தது.

முதலில் தண்ணீர்ப் பிரிவுக்குப் போனாள். அதன் அதிகாரியான தண்ணீர் மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எங்க பாகத்துல கோளாறுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம். பார்த்துடலாம்னுதான்."

"பாரு. நல்லாப் பாரு. இல்லைன்னு எழுதிக் குடு."

பார்த்தாள். தண்ணீர்ப் பாகத்தை மட்டும் நிறுத்தி, சிடியை வைத்து ஓட்டினாள். திரையில் வந்தது: குறை ஏதுமில்லை. மேடம் அதை அச்செடுத்துச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டினார்.

அடுத்தது பிறப்புப் பிரிவு. அதற்கு டிரைவைத் தண்ணீரிலிருந்து பிறப்புக்கு மாற்ற வேண்டும். டிரைவ் இருந்த இடத்திலிருந்து நூலிழைகூட நகராது. மேசைக் கணினியில் ஒரு பட்டியலில் பெயரை மாற்றினால் போதும், அரை நிமிடம். ஆனால் தண்ணீர்ப் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது, பிறப்புப் பிரிவு முதல் மாடியில். ஒரு பொருள் மாடி ஏறுகிறது என்றால் அனுப்புகைச் சீட்டு வேண்டும். புறப்படும்முன் ஒரு குழு வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று டிரைவைப் பார்த்தது. அவள் அரை நிமிடம் தட்டச்சு செய்தாள். வந்து சேர்ந்தபின் இன்னொரு குழு அதே கோட்டில் நின்று அதே டிரைவைப் பார்த்தது. "பொருள் பத்திரமாக வந்து சேர்ந்தது. வழியில் சேதம் எதுவுமில்லை" என்று எழுதிக் கொடுத்தது. வாசல் காவலாளி மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார்.

"எந்தப் பொருளும் என்னைத் தாண்டிப் போகலையேம்மா."

"இது போகாமலே போற பொருள் அண்ணே."

"அப்போ திருட்டுப் பொருளா?"

அவரைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் பிடித்தது. கடைசியில், பொருள் தன்னைத் தாண்டிப் போகவில்லை என்பதை உறுதிப்படுத்தி அவர் கையெழுத்திட்டார். எல்லாம் சேர்ந்து ஒன்பது நாள். பிறப்புப் பிரிவின் பாகத்திலும் குறை ஏதுமில்லை. பிறப்பு அதிகாரி ஊழியர்களுக்கு இனிப்பு கொடுத்தார்.

நிலப் பிரிவு இரண்டாம் மாடி. டிரைவ் ஒரு மாடி அதிகமாக ஏற வேண்டியிருந்ததால் பதினோரு நாள். அங்கேயும் குறை ஏதுமில்லை. "எனக்குத் தெரியும்" என்றார் நில அதிகாரி. "எங்க பிரிவுல எது கெட்டுப்போனாலும் நாங்க கண்டுபிடிக்கிறதில்ல. அதனால குறைங்கிற பேச்சுக்கே இடமில்ல."

மூன்று பேரும் நலம். மூன்று சுவரிலும் சட்டம். விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. மூன்று மணிக்கு மயக்கமும் வந்துகொண்டே இருந்தது. மீதம் பன்னிரண்டு நாள். எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று அவள் மூன்று சோதனைகளையும் நோட்டில் முதலிலிருந்து சரிபார்த்தாள். தப்பு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும்போது படிக்கட்டில் கால் இடறிற்று. அந்தப் படிக்கட்டு பல்பு எரிந்துபோய் எட்டு மாதம். அங்கே குடியிருந்த மூன்று குடும்பத்துக்கும் பொதுவான படி. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பளிச்சென்று விளக்கு. படியில் கும்மிருட்டு. அவள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றாள்.

அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, கைபேசி வெளிச்சத்தில் நோட்டில் எழுதினாள்: மூன்று பேருக்கும் சொந்தமானதைப் பார்த்தாயிற்று. யாருக்கும் சொந்தமில்லாததைப் பார்க்கவில்லை.

பாகத்துக்குள் ஓடும் சோதனை அந்தப் பாகத்துக்குச் சொந்தமானதை மட்டும்தான் பார்க்கும். பொதுவான உறுப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று பாகமும் ஒரே நேரத்தில் மூடியிருக்க வேண்டும். முழு இயந்திரமும் சிடியின் கையில் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் இயக்குநர் கூட்டம் போட்டார். கூட்டம் போடுவது தொடுவதில் சேராது.

"அரைமணி நேரம் மூணு பேரும் மூடணும்" என்றாள் அவள். "அவ்வளவுதான் சார்."

"தாராளமா மூடலாம்" என்றார் நில அதிகாரி. "அவங்க ரெண்டு பேரும் மூடட்டும். நான் கடைசியா மூடறேன்."

அந்த அலுவலகத்தில் சாயங்காலம் முதலில் கிளம்புகிறவர் சிறியவர், கடைசியில் கிளம்புகிறவர் பெரியவர். வேலை இல்லாவிட்டாலும் மூன்று அதிகாரிகளும் ஒருவர் அறை விளக்கை ஒருவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் மூடுவதென்றால் சும்மாவா?

"நீங்க ஏன் சார் கடைசி?" என்றார் பிறப்பு அதிகாரி.

"நிலம்தானே சார் முதல்ல இருந்துச்சு? மனுஷன் அப்புறம்தானே பொறந்தான்? மூத்தது கடைசியாத்தான் மூடும்."

"பொறக்காதவனுக்கு எதுக்கு சார் நிலம்? பட்டாவை யார் பேர்ல எழுதுவீங்க?"

"ரெண்டு பேருக்கும் தண்ணி நான்தான் விடறேன்" என்றார் தண்ணீர் மேடம், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "நிறுத்தட்டுமா?"

பிறப்பு அதிகாரி எழுந்து நின்றார். "இது என் சொந்த கௌரவம் இல்ல. எனக்குக் கௌரவமே கிடையாது, எல்லாருக்கும் தெரியும். என் பிரிவோட கௌரவம். மக்களுக்கு ஒரு நாள் சேவை நின்னாக்கூட நான் தாங்கிக்குவேன். நிலப் பிரிவுக்கு முன்னாடி நின்னா தாங்க மாட்டேன்."

தண்ணீர் மேடம்கூடக் கை தட்டிவிட்டார். கூட்டக் குறிப்பில் இப்படி எழுதப்பட்டது: "மூடுவது என்பதில் மூவரும் ஒருமனதாக உடன்பட்டனர். முதலில் யார் என்பதில் மட்டும் மேலும் ஆலோசனை தேவைப்படுகிறது." துணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அது அடுத்த மாதம் நான்காம் தேதி கூடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தாள். மீதம் ஏழு நாள். அக்காவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள், நாலு வயது. இரண்டும் மதியத் தூக்கத்துக்கு மல்லுக்கு நின்றன. "அவ முதல்ல தூங்கட்டும்" என்றது ஒன்று. "அவதான் முதல்ல" என்றது மற்றது.

அக்கா ஒன்றை இந்த அறையிலும் இன்னொன்றை அந்த அறையிலும் கொண்டுபோய்ப் போட்டுக் கதவைச் சாத்தினாள். ஆளுக்கொரு தடவை காதில் ஏதோ சொன்னாள். ஐந்து நிமிடத்தில் இரண்டும் தூங்கிவிட்டன.

"என்னக்கா சொன்னே?"

"உன் தங்கச்சி தூங்கிட்டாடின்னு இதுகிட்ட. உன் அக்கா தூங்கிட்டாடின்னு அதுகிட்ட. நடுவுல சுவர் இருக்கே, எழுந்து வந்தா பார்க்கப்போகுது?"

"பொய்தானே அது?"

"ரெண்டும் தூங்கினதும் உண்மையாயிடுச்சு இல்ல? போடி, போய் ஒரு வேலையைப் பாரு. எப்பப் பார்த்தாலும் நோட்டும் கையுமா."

அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அதனால் ஒரு பக்கம் முழுக்க எழுதி எழுதி அடித்து, கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டாள். மறுநாள் தனித்தனியாக மூன்று அறைக்கும் போனாள்.

"வியாழக்கிழமை சரியா பதினோரு மணிக்கு நீங்க மூடணும். உங்களுக்கு அப்புறம் யாரும் மூட மாட்டாங்க."

"யாரும்?" என்றார் நில அதிகாரி.

"யாரும் சார்."

"கடைசியில நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் அவர். பிறப்பு அதிகாரி அவளுக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் மேடம், "மத்தவங்ககிட்ட சொல்லிக் காட்டாதே, மனசு புண்படும்" என்றார். அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் ஒரே மணி, ஒரே நிமிடம். நோட்டில் எழுதினாள்: பொய், இல்லை. நேர்மை, சந்தேகம்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மூன்று தளங்களில் மூன்று விரல்கள் ஒரே நேரத்தில் அழுத்தின. நான்கு வருடமாக உறுமிக்கொண்டிருந்த இயந்திரம் பெருமூச்சு விட்டு அடங்கிற்று. அவள் சிடியை உள்ளே வைத்தாள். மற்ற ஏற்பாடுகளையெல்லாம் தள்ளியிருந்த மேசைக் கணினியிலேயே செய்து முடித்திருந்தாள். இனி சர்வரின் முகப்பில் இருந்த வெள்ளைப் பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

அப்போது வாசலில் ஆரவாரம் கேட்டது. இயக்குநர், அவருக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், அவர்களுக்குப் பின்னால் அலுவலக மாத இதழின் புகைப்படக்காரர். மூன்று அதிகாரிகளின் முகத்திலும் ஒரே மாதிரி ரகசியப் புன்னகை. ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் பார்த்து இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினார். "இந்த அலுவலக வரலாற்றில் முதன்முறையாக மூன்று பிரிவுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு காரியம் செய்திருக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்றும் வேலையை நிறுத்தியிருக்கின்றன. இந்த ஒற்றுமை இதற்கு முன்பும் பல தடவை இருந்தாலும், இன்றுதான் திட்டமிட்டு நடந்திருக்கிறது." எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஐயா கையாலதான் தொடங்கி வைக்கணும்" என்றார் பிறப்பு அதிகாரி. பெரிய மனசு வந்திருந்தது அவருக்கு.

"ஆமா, ஐயாதான்" என்றார் நில அதிகாரி. தண்ணீர் மேடம் ஏற்கெனவே வழி விட்டு நின்றிருந்தார்.

இயக்குநர் ஒரு கணம் தயங்கினார். முப்பத்தோரு வருடத்தில் அவர் எதையும் தொட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் கட்டடங்கள், குடிநீர்க் குழாய்கள், கழிப்பறைகள் என்று எத்தனையோ தொடங்கி வைத்திருக்கிறார். புகைப்படக்காரர் கருவியைத் தூக்கியவுடன் அவர் கை தன்னால் எழுந்தது. கோட்டைத் தாண்டினார். ஒரு விரலை நீட்டி, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பொத்தானை அழுத்தினார்.

பதிவேடு மேசையில் இருந்தது. பணியாளர் தொட்டால் கையொப்பம் வாங்க வேண்டும், நான்காம் விதி. தொடங்கி வைப்பது தொடுவதாகுமா? விதியில் விலக்கு எதுவும் இல்லை. இயக்குநர் பணியாளரா? அவரும் சம்பளம் வாங்குகிறவர்தான். சொல்லாமல் விட்டுவிடலாமா? விட்டுவிட்டால் ஒன்றாம் தேதி பட்டியலில் அடுத்தவர் ரயிலேறுவார். பென்சிலை எடுத்தாள். தேதி எழுதினாள். நேரம் பதினொன்று பதினேழு. தொட்டவர், இயக்குநர். தொட்ட இடம், முகப்புப் பொத்தான். கையெழுத்துக் கட்டத்தில் பெருக்கல் குறி ஒன்று போட்டாள். அவசரத்தில் குறி கொஞ்சம் கோணலாக விழுந்தது.

பதிவேட்டை நீட்டினாள். இயக்குநர் புகைப்படக்காரரிடம், "என் இடப் பக்கத்து முகம்தான் நல்லாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே குறியைக் கண்டார், கையெழுத்துப் போட்டார்.

அரைமணி நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு திரையைப் படித்தாள். நினைவகம் சரி. வட்டுகள் சரி. பிறகு ஒரு வரி: இரண்டாம் குளிர்விசிறி இயங்கவில்லை. சொந்தப் பாகம்: எதுவுமில்லை. முதலாம் விசிறி: எந்நேரமும் நிற்கலாம்.

"எதுவுமில்லையா?" என்றார் தண்ணீர் மேடம். "அப்போ எங்களோடது இல்ல."

"எங்களோடதும் இல்ல."

"எங்களோடதும்."

இயக்குநர் கனைத்தார். இப்படிப்பட்ட நேரங்களில் கேட்பதற்கென்று அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. "சரி, கடைசியாத் தொட்டது யாரு?"

அவள் பதிவேட்டை விரித்துக் காட்டினாள். இயக்குநர் அந்தக் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அழகான கையெழுத்து. முப்பத்தோரு வருடமாக மாறாதது.

"தொடங்கி வைக்கிறது வேறம்மா" என்றார் மெதுவாக. "தொடறது வேற."

"சுற்றறிக்கையில அப்படி இல்லையே சார்" என்றாள் அவள். காது சிவக்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

இயக்குநருக்கு ஓய்வுபெற ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. இரண்டு வருடம் தேய்த்த சட்டையோடு வாசலில் நின்ற பழசின் முகம் அவர் நினைவில் வந்திருக்க வேண்டும். "விசிறி!" என்று கத்தினார். அந்தக் கட்டடத்தில் யாரும் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. கிடங்குக்காரர் ஓடிவந்தார். புது விசிறி கிடங்கில் நான்கு வருடமாகப் பெட்டியோடு இருந்தது தெரிந்தது.

"ஏன்யா குடுக்கல?"

"எந்தப் பிரிவும் கேக்கலையே சார். பொதுவுக்கு எந்தப் பிரிவோட படிவத்துல எழுதறது?"

"என் பேர்ல எழுதுய்யா!"

இரண்டு மணிக்குக் கம்பெனி மெக்கானிக் வந்து விசிறியை மாற்றினார். வெளியாள் தொட்டால் கணக்கில் சேராது, ஆறாம் விதி. இயக்குநர் அந்த விதியை அழிக்கச் சொல்லிப் பார்த்தார். முடியவில்லை. சிடியையும் மெக்கானிக்கே வெளியே எடுத்து மேசையில் வைத்தார். விளக்கு பச்சையாயிற்று. மூன்று பிரிவுகளும் ஒரே நொடியில் திறந்தன. ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு முன்னாடி யாரும் திறக்க மாட்டாங்க" என்று சொல்லப்பட்டிருந்தது. மணி மூன்றானது. மயக்கம் வரவில்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. மறுநாள் ஊழியர்கள் தேநீர் நேரம் பறிபோனதைப் பற்றி ஒரு கூட்டு மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்துத் தேநீர்க் கடைக்காரருடையது.

விடுவிப்புக் கடிதத்தை இயக்குநர் வெள்ளிக்கிழமை காலையிலேயே போட்டுக் கொடுத்தார். பொறுப்பு அவள் கையில் இல்லாததால் மறுக்க வழியில்லை. பென்சில் குறியை மட்டும் இரண்டு தடவை உற்றுப் பார்த்தார். அன்று சாயங்காலம் அவள் ஒரு பல்பு வாங்கிப் படிக்கட்டில் மாட்டினாள். மூன்று வீட்டுக் கதவும் திறந்தது. "யார் போட்டது?" என்று விசாரித்தார்கள், ஏதோ களவு நடந்துவிட்டதுபோல்.

சனிக்கிழமை கடைசி நாள். மேசையைக் காலி செய்துவிட்டுக் கணினி அறைப் பக்கம் போனாள். வாசலில் இயக்குநர் நின்றிருந்தார். சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டிருந்தார். கக்கத்தில் பதிவேடு. எதிரே, வேறு ஊரிலிருந்து மாற்றலாகி அன்றுதான் வந்திருந்த துணை இயக்குநர்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருப்பீங்க. இதைத் தொட்டுப் பாருங்க, குளுகுளுன்னு இருக்கும்."

இந்தத் தடவை அது பொய்யில்லை. நிஜமாகவே குளுகுளுவென்றுதான் இருக்கும். ஆனால் துணை இயக்குநருக்கும் இருபது வருட சர்வீஸ். இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு, "பார்க்கும்போதே தெரியுது சார்" என்றார்.

இயக்குநர் திரும்பினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அடடே, புதுசு! கிளம்பிட்டியா? மூணு மாசத்துக்கு மேல கூட இருந்த மிஷின். போறதுக்கு முன்னாடி ஒரு ஞாபகத்துக்கு, சும்மா ஒரு விரலால..."

அவளுக்கு ஒரு நொடி மனம் இளகிற்று. பாவமாகத்தான் இருந்தது. பிறகு இடது கையிலிருந்த பையையும் வலது கையிலிருந்த கடிதத்தையும் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். முதல் மாடி வரைக்கும் நடந்தாள். அப்புறம் ஓடினாள்.